குப்பை ஆரின்ர சொத்து?

போன ஆவணியில் எங்கட சிநேகிதி ஒருத்தியின் அக்காவுக்குக் கலியாணம். பந்தி பரிமாற நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். அறுநூறு பேருக்குச் சமைச்சது. விடிய மழை பிடிச்சிட்டுது, வந்த சனம் முந்நூற்றைம்பதுகூட இராது. மூன்று மணிக்குப் பார்த்தால் ஒரு கிடாரம் சோறு தொடாமல் கிடக்கு. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, பாயாசம் எல்லாம் மிச்சம். பொம்பிளையின்ர அப்பா கிடாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் நிண்டார். கடன்பட்டுச் செய்த கலியாணம் அது.

"இதைக் கொட்ட விடேலாது" எண்டு நாங்கள் வாளிகளில் அள்ளி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். பொறுப்பாக இருந்த அம்மா வாசலுக்கு வந்தா. வாளியைத் திறந்து பார்க்கவே இல்லை. முதல் கேள்வியே இதுதான்:

"எத்தினை மணிக்குச் சமைச்சது பிள்ளையள்?"

"விடிய அஞ்சு மணிக்கு, அம்மா."

"அப்ப பத்து மணித்தியாலம் தாண்டீட்டுது. குறை நினையாதேங்கோ. இஞ்ச எண்பது வயசு தாண்டின ஆக்கள் இருக்கினம். ஒராளுக்கு வயித்தால போனா ஆர் பொறுப்பு?"

திரும்பி வரேக்க எங்களுக்குச் சரியான கோபம். நல்ல சாப்பாட்டைக் கொண்டுபோய்க் குடுத்தால் வேண்டாம் எண்டுறாவே எண்டு. பிறகுதான் வாசித்து அறிந்தோம். சமைத்த சோறு வெளியில் மணிக்கணக்காக இருந்தால் அதில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியா பெருகும். அது உண்டாக்கும் நஞ்சுகளில் ஒன்று, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. அந்த அம்மா செய்ததுதான் சரி. உண்மையைச் சொன்னால், எங்கட மனவருத்தத்தை இறக்கி வைக்கத்தான் நாங்கள் அங்கே போயிருக்கிறோம்.

வாளிகளோடு மண்டபத்துக்கே திரும்பினோம். பின்பக்கத்தில் வாழையிலை, தண்ணீர்ப் போத்தல், ஐஸ்கிறீம் கப், சோறு, குழம்பு எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. எங்கட வாளிகளையும் அதுக்கு மேலேயே கவிழ்த்தோம். காலமை சபையின் ட்ரக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும் எண்டு காவலாளி ஐயா சொன்னார். எங்கே கொண்டுபோகும் எண்டு கேட்டோம். "ஆருக்குத் தெரியும்" எண்டார்.

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

சாப்பாட்டை வீணாக்கக் கூடாது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பருக்கை சிந்தினாலே அம்மம்மா ஏசுவா. 2022ஐ நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அந்த செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. அதுக்கு முதல் வருடம்தான் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் அறிக்கை ஒன்று, இலங்கை வீடுகளில் மட்டும் ஆளுக்கு வருடம் 76 கிலோ உணவு கழிவாகப் போவதாக மதிப்பிட்டிருந்தது. தோல், எலும்பு உட்பட்ட கணக்கு அது. சனத்துக்கு மனச்சாட்சி இல்லாததால் இப்படி நடக்கிறது எண்டு நாங்கள் நம்பவில்லை. அந்த மண்டபத்தில் மனச்சாட்சி நிறையவே இருந்தது. மிச்சத்தை நேரத்துக்கு எடுத்துப்போக ஒரு ஏற்பாடுதான் இருக்கவில்லை.

முந்தி அந்த ஏற்பாடு வீட்டுக்குள்ளேயே இருந்தது. அரிசி கழுவின தண்ணியும் மரக்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும், அதிலிருந்து மாட்டுக்கு. மாட்டுச் சாணம் தோட்டத்துக்கு. இரவுச் சோறு காலமை பழஞ்சோறு, மிஞ்சின கறியெல்லாம் ஒண்டாகிப் பழங்கறி. தோட்டத்தில் பூவரசங்குழை தாழ்ப்பார்கள். எங்கட பக்கத்துத் தோட்டக்காரர் "குப்பை போடுறது" எண்டு சொன்னால் எரு போடுறது எண்டுதான் அர்த்தம். இண்டைக்குச் சுழற்சிப் பொருளாதாரம் எண்டு கருத்தரங்குகளில் சொல்வதும் இதைத்தான்: ஒரு இடத்தில் கழிவது இன்னொரு இடத்தில் மூலப்பொருளாக வேணும்.

ஆனால் "அந்தக் காலத்தில" எண்டு பெருமூச்சு விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. மாடு வித்தாச்சு. வளவு நாலு பங்காகப் பிரிஞ்சாச்சு. அதோட, அந்த வட்டத்தை நாள் முழுக்கச் சுத்தினது அம்மம்மாவின் கைதான். பிரிச்சது, ஊற வைச்சது, சுமந்தது எல்லாம் அவ. அதுக்குச் சம்பளம் இருக்கவில்லை. அம்மா இப்ப வேலைக்குப் போறா. திரும்பவும் அந்த வேலையை வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிட்டு "பாரம்பரியம்" எண்டு சொல்லேலாது. வீட்டுக்குள் நடந்த வேலையை இனி ஒரு பொது அமைப்புத்தான் பொறுப்பெடுக்க வேணும்.

அப்படி ஒருத்தரும் பொறுப்பெடுக்காவிட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கு. 2017 ஏப்ரல் 14, சித்திரை வருசப்பிறப்பு அண்டைக்குக் கொழும்பு மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு வீடுகளை மூடியது. 32 பேர் செத்துப்போனார்கள். கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகவும் தீர்மானித்தார்கள். புத்தளம் சனம் மாதக்கணக்காக வீதியில் நின்று எதிர்த்தது. அவர்கள் போடாத குப்பை அது. அம்பாறை பள்ளக்காட்டில் குப்பைமேட்டுக்குச் சாப்பாடு தேடி யானைகள் வரும். எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அங்கே செத்திருப்பதாக 2022இல் செய்தி வந்தது. செத்த யானைகளின் வயிற்றைப் பரிசோதித்தபோது பிளாஸ்ரிக் கிடந்தது. யானை ஷொப்பிங் பேக்கைத் தின்ன வரவில்லை. உள்ளே இருந்த சோற்றுக்கும் மரக்கறிக்கும்தான் வந்தது. தனியாக இருந்தால் தீனியாகவோ எருவாகவோ போயிருக்கக்கூடியது, பிளாஸ்ரிக்கோடு கலந்ததால் நஞ்சாகிவிட்டது. எங்கட வாளிகளை அந்தக் குவியலில் கவிழ்த்ததை நினைக்கும்போது இதுதான் உறுத்தும்.

சரி, இதுக்கு ஆர் பொறுப்பு? தேடிப் பார்த்தபோது எங்களுக்கு ஆச்சரியமான ஒரு விசயம் கிடைத்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின்படி, சபை சேகரிக்கிற வீட்டுக் குப்பையும் வீதிக் குப்பையும் சபையின் சொத்து. அதை விற்கவும் சபைக்கு அதிகாரம் இருக்கு. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கு. குப்பை ஒரு தொல்லை எண்டு மட்டும் அந்தச் சட்டங்கள் நினைக்கவில்லை. விற்கக்கூடிய பொருளாகவே அதை எழுதி வைத்திருக்கின்றன. பலாங்கொடை நகர சபை உக்கும் கழிவிலிருந்து கூட்டெரு செய்து விற்கிறது, பல வருடங்களாக. வேற நாட்டு உதாரணம் இல்லை இது. எங்கட நாட்டில், எங்கட சபைக்கு இருக்கிற மாதிரியான அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நகர சபை செய்வது.

2021ஐயும் மறக்கேலாது. அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெண்டு நிறுத்தினார்கள். சேதனப் பசளைக்குத் தோட்டக்காரர் அலைந்தார்கள். நாட்டின் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் கழிவு, ஆனால் பிரிக்காமல் குப்பைமேடுகளில் கிடந்தது. நவம்பரில் அரசாங்கம் தடையைக் கைவிட்டது. அதுக்குள் ஒரு போகம் போய்விட்டது. பசளை வேணுமெண்டால் முதலில் பிரிக்கிற வாளியும் அள்ளுற ட்ரக்டரும் உக்க வைக்கிற இடமும் வேணும். இதெல்லாம் வருடக்கணக்கான வேலை, ஒரு வர்த்தமானியால் ஆகாது.

இதே பாடத்தை 2011 டிசெம்பரிலும் பார்த்தோம். மரக்கறி வழியில் நசிஞ்சு பழுதாகாமல் இருக்கச் சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கூடையில்தான் ஏற்ற வேணும் எண்டு விதி வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் கூடையை ஆர் வாங்குவது, லொறியில் குறைவாக ஏறினால் அந்தக் கூலியை ஆர் குடுப்பது எண்டதுக்குப் பதில் இருக்கவில்லை. தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினார்கள், விதி தளர்ந்தது.

வெளியில் எப்படிச் செய்திருக்கிறார்கள் எண்டும் பார்த்தோம். தென்கொரியா 2005இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடைசெய்தது. 2013இலிருந்து போடுகிற அளவுக்கு ஏற்பக் கட்டணம். பல அடுக்குமாடிகளில் தொட்டியே நிறுத்துக் காட்டும். இப்ப அங்கே உணவுக் கழிவில் 90 வீதத்துக்கு மேல் தீவனம், பசளை, எரிவாயு எண்டு திரும்பப் பயன்படுகிறது. பிரான்ஸ் 2016இல் ஒரு சட்டம் போட்டது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட சுப்பர்மார்க்கெற்றுகள் விற்காத உணவைத் தொண்டு நிறுவனங்களுக்குக் குடுக்க முன்கூட்டியே ஒப்பந்தம் செய்ய வேணும். வேண்டுமென்றே உணவைப் பாழாக்கினால் 3,750 யூரோ தண்டம் எண்டு அப்போது வைத்தார்கள். எங்களில் ஒருவரின் மச்சான் பாரிசில் வேலை செய்கிறார். அவரிடம் கதைத்தபோது சொன்னார்: "இஞ்ச ஆரும் கடைசி நேரத்தில வாளியோட ஓடுறேல்லை. ஆர் வாறது, எத்தினை மணிக்கு எண்டது முதலே எழுதியிருக்கும்."

அந்த முதியோர் இல்லத்து அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவவுக்குத் தேவைப்பட்டது எங்கட இரக்கம் இல்லை, நேரமும் ஒரு பொறுப்பாளியும்.

கொரியாவை அப்படியே இங்கே இறக்கேலாது. கிலோவுக்குக் காசு எண்டால் எங்கட ஊரில் பக்கத்து வெறுங்காணிதான் நிரம்பும். வீடுகளில் தொடங்கவும் தேவையில்லை. மண்டபங்கள், சாப்பாட்டுக் கடைகள், சந்தைகள் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே இடத்தில் பெருமளவு உக்கும் கழிவு சேருது. வியாபார அனுமதிப்பத்திரம் குடுப்பதும் உப விதி போடுவதும் சபைதான். மிச்சம் எடுக்க ஒருவரோடு ஏற்பாடும் உக்கும் கழிவுக்குத் தனித் தொட்டியும் இருந்தால்தான் அனுமதி எண்டு ஒரு நிபந்தனை வைக்கலாம். பதிலுக்குச் சபை அதைத் தனியாக எடுக்க வேணும்.

எங்கட சபைகள் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் இருந்தன. 2025 மே 6இல் தேர்தல் நடந்து இப்ப வட்டாரத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார். கேள்வி கேட்க ஒரு முகம் கிடைத்திருக்கு. கலியாணத்துக்குப் பிறகு எங்கட வட்டார உறுப்பினரைச் சந்தித்தோம். பொறுமையாகக் கேட்டார். "நல்ல விசயம் தம்பியவை. ஆளணி இல்லை, வாகனமும் இல்லை" எண்டார். பொய் எண்டு நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் வரவுசெலவுத் திட்டத்தில் கேட்டீங்களோ எண்டதுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

தையில் இன்னொரு கலியாணம் வந்தது. இந்த முறை நாங்கள் முதல் கிழமையே அந்த முதியோர் இல்லத்து அம்மாவோடு கதைத்தோம். சமைச்சு இறக்கின உடன, பந்தி தொடங்க முதல், சூட்டோட ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, பதினொரு மணிக்கு முதலே குடுத்தோம். நாற்பது பேர் அண்டைக்கு மத்தியானம் சாப்பிட்டார்கள். மண்டபத்தின் பின்னால் இரண்டு பெரிய வாளி வைத்தோம். ஒன்றில் இலையும் எச்சில் சோறும், மற்றதில் போத்தலும் கப்பும். சின்னப் பிள்ளைகள்கூடப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள்.

அடுத்த நாள் காலமை ட்ரக்டர் வந்தது. இறங்கின அண்ணா இரண்டு வாளியையும் தூக்கி ஒரே பெட்டிக்குள் கொட்டினார். நாங்கள் ஓடிப்போய், "அண்ணை, பிரிச்செல்லோ வைச்சனாங்கள்" எண்டோம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "தெரியும் தம்பி. எங்களிட்ட ஒரு பெட்டிதான் இருக்கு."

அடுத்த சபைக் கூட்டத்துக்கு நாங்கள் போகிறோம். கேட்கப்போவது ஒண்டே ஒண்டு: அந்த ட்ரக்டருக்கு இரண்டாவது பெட்டி எப்ப வரும்? உங்கட ஊரிலும் சபை இருக்கு. நீங்களும் கேட்டுப் பாருங்கோ.