பகலில் தூங்கும் தெரு

தளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூரில் மகன் வீட்டுக்குக் குடிவந்த அந்த அம்மாவுக்கு முதல் வாரம் தூக்கமே பிடிக்கவில்லை. ஊரில் ராகி கதிர் வாங்கும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கும். ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுவார்கள், பட்டாசு போடுவார்கள். அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கியவர். சத்தம் நின்றால்தான் எழுந்து உட்காருவார். இங்கே லே-அவுட்டில் சத்தமே இல்லை.

பகலிலும் அப்படித்தான். பத்து மணிக்கும் எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. "சாவு விழுந்த தெரு மாதிரி இருக்குதுடா" என்றார் மகனிடம்.

ஒருநாள் ஊரிலிருந்து வந்த அவரைக்காயை முறத்தில் எடுத்துப்போய்க் கதவைத் தட்டினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பெண், கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில்தான் படுத்தவள். தெருவில் பாதி வீடு அப்படி. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூரில் ராவும் பகலும் ஆலை ஓடுகிறது. ஆள் எப்போதாவது தூங்கத்தானே வேண்டும்? பரண் மேல் விடிய விடியக் காவல் இருந்துவிட்டு வரும் புருஷனுக்காக, இவரே எத்தனை நாள் பிள்ளைகளை அதட்டியிருக்கிறார்!

இப்போது சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் முறத்தைத் தூக்குகிறார். கதவுகள் திறக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேச்சு ஓடுகிறது.

விடிகாலை நாலு மணி விழிப்பு மட்டும் போகவில்லை. பால் கறக்க மாடு இல்லை. விற்ற மாட்டைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.