மட்டசனம்

சிறு வயதில், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் திண்ணையில் ஞானோபதேச வகுப்பு நடக்கும். தலையான பாவங்கள் ஏழையும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்க வேண்டும். போசனப்பிரியம் என்ற சொல் வந்ததும் உடனிருந்த சிறுவர்கள் அனைவரும் ஒருமிக்க நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பாவத்துக்கு எதிரான புண்ணியத்தின் பெயர் மட்டசனம். அதாவது, அளவோடு உண்ணுதல். பெயரைப் பத்து வயதில் மனப்பாடம் செய்த நாம், அதன் பொருளைக் கற்கத் தொடங்கியது ஐம்பது வயதுக்கு மேல்தான். அதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமக்குப் பசி பெரிது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, சிறுமையாகவும் சொல்லவில்லை. மற்றவர்கள் கை கழுவி எழும் நேரத்தில் நமக்கு அப்போதுதான் சாப்பாடு தொடங்கியிருக்கும். ஊர்த் திருவிழா அசனத்தில் பரிமாறுகிறவர்கள் நம் இலையருகே வந்ததும் வாளியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நிற்பது வழக்கம். அண்ணன் பந்தியில் அமர்ந்தபடியே, "தம்பிக்கு இன்னொரு இலை போடுங்கள்; ஒன்று போதாது" என்பார். ஊரே சிரிக்கும். நாமும் சேர்ந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பு உள்ளே எங்கே போய்த் தங்கியது என்பதை அக்காலத்தில் நாம் ஆராய்ந்ததில்லை.

2019-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு முடிவெடுத்தோம். நாற்பது நாளும் ஒருசந்தி, சுத்தபோசனம். அதுவும் நாமே வகுத்துக்கொண்ட கடும் முறையில். திருச்சபை நம்மிடம் கேட்பதோ மிகக் குறைவு. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய ஒருசந்தி நாட்கள். அன்றும் ஒரு வேளை முழு உணவும், வேறு இரு வேளை சிற்றுணவும் கொள்ளலாம். 18 வயது நிறைந்தவர்கள் முதல் 60-ஆம் வயதில் கால் வைக்கும் வரை உள்ளவர்களுக்கே அக்கட்டளை. தாயினும் இனிய திருச்சபை இவ்வளவு இளகிய மனத்தோடு விதித்ததை, நாம் நம் உடல்மீது கொண்ட கோபத்தால் கொடுமையாக்கிக்கொண்டோம். உயிர்ப்பு ஞாயிறுக்குள் 6 கிலோ குறைந்தது. ஆண்டவர் உயிர்த்த அன்று நம் பசியும் உயிர்த்தது! ஆகஸ்டு மாதம் எடை பார்த்தபோது, போன 6 கிலோ 8 கிலோவாகத் திரும்பி வந்திருந்தது. தவம் என்று பெயரிட்டு நாம் செய்தது தவம் அன்று. அண்ணனின் வாயை அடைக்க ஆங்காரத்தால் செய்த முயற்சி.

2021 ஜூலையில் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தது. எடை 94 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3. அந்த எண் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படி, 6.5-ஐ எட்டிவிட்டால் வீட்டுக்குள் நுழைந்தாயிற்று. நம் தந்தையார் அந்நோயால் ஒரு காலை இழந்து, பூசைக்குப் போக வண்டி வரும்வரை வாசலில் காத்திருந்த காட்சி நம் கண்முன் எழுந்தது. நாக்கு உலர்ந்தது.

மருத்துவர் ஏசவில்லை. தாளில் கணக்கெழுதிக் காட்டினார். அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும், வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொண்டவர்களிடையே நீரிழிவு புதிதாகத் தோன்றுவது 58 விழுக்காடு குறைந்ததாம். நம் சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்விலும், உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடையில் பெரிய மாற்றம் இல்லாதபோதும் இப்பலன் கிட்டியது. "உங்களுக்கு 7 விழுக்காடு என்பது ஆறரைக் கிலோ. அவசரமில்லை. உங்களால் ஆயுள் முழுதும் செய்ய முடிந்ததை மட்டும் செய்யுங்கள்" என்றார். அந்தக் கடைசி வாக்கியமே நமக்கு மருந்தாயிற்று.

அவர் காட்டிய கணக்கு எளியது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நூறு கிராம் வெந்த சோற்றில் சுமார் 130 கலோரி. நாளொன்றுக்கு அவ்வளவு சோறு குறைந்தால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ இறங்க வேண்டும். உடல் கணக்குப் புத்தகம் அன்று. எடை குறையக் குறைய அதுவும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். ஆயினும் திசை புரிந்தது. முதலில் காப்பியில் கை வைத்தோம். நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றிருந்ததை ஒன்றாக்கி, அரையாக்கி, மூன்று மாதத்தில் நிறுத்தினோம். பிறகு சோற்றில் ஒரு கரண்டி குறைத்தோம்.

ஆனால் பசி? அது எங்கும் போகவில்லை. அதோடு போராடாமல் உடன்படிக்கை செய்துகொண்டோம். முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரியோ, கீரையோ, புடலங்காய்ப் பொரியலோ உண்போம், பின்பு மீனோ பயறோ, சோறு கடைசியில். முன்பு சோறு குன்றாகவும் பொரியல் தொட்டுக்கொள்ளவும் இருந்தது. இப்போது அவை இடம் மாறிக்கொண்டன. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் வரை ஆகலாம் என்பதால், மறுசோறு கேட்குமுன் ஒரு தம்ளர் நீர்மோர் அருந்திச் சற்றுப் பேசிக்கொண்டிருப்போம். இரவு உணவுக்குப் பின் கோயில் வரை நடந்து, கெபியருகே ஒரு ஜெபமாலை சொல்லித் திரும்புவோம்.

நம் போன்ற பெரும்பசிக்காரர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. கொழுப்புத் திசுவிலிருந்து புறப்பட்டுப் பசியை அடக்கும் லெப்டின் என்ற சுரப்பை 1994-இலும், இரைப்பையிலிருந்து புறப்பட்டுப் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999-இலும் அறிஞர்கள் கண்டறிந்தனர். எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், இத்தகைய சுரப்புகள் அவர்களை இன்னும் உண்ணுமாறு தூண்டிக்கொண்டே இருந்தன என்று 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே பசி என்பது பாவம் அன்று. படைத்தவர் உடலுக்குள் வைத்த காவற்காரன். ஒருவனுக்கு அது உரக்கக் கூவுகிறது. இன்னொருவனுக்கு மெல்லக் கூப்பிடுகிறது. பசி வேறு, போசனப்பிரியம் வேறு என்பது விளங்கியபோது, நாற்பது ஆண்டுக் குற்றவுணர்ச்சி நெஞ்சிலிருந்து இறங்கிற்று. அந்தப் பாரம் எந்தத் தராசிலும் ஏறாத பாரம்.

எடை மெல்ல இறங்கியது. 2021 முடிவில் 90 கிலோ. 2022-இல் ஐந்து மாதம் 88-ஐ விட்டு முள் அசையவே இல்லை. வீட்டார் சும்மா இருப்பார்களா? "இத்தனை மாதமாகக் கீரை தின்று கண்ட பலன் என்ன?" என்றார் அண்ணன். அம்மாவின் வருத்தம் வேறு வகை. "நான் போட்டால் வேண்டாம் என்கிறானே, என் கைச்சோறு கசந்துவிட்டதா?" என்று அவர்கள் கண் கலங்கினார்கள். சற்று இளைத்துக் காணத் தொடங்கியதும் காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஒரு கல்யாண வீட்டில் அத்தை நம் கன்னத்தைத் தடவி, "என்னப்பா, இப்படி உருகிவிட்டாய்! சர்க்கரையா? மறைக்காமல் சொல்" என்றார்கள். பருத்திருந்தபோது சிரித்தவர்கள், இளைத்தபோது இரங்கல் தெரிவித்தார்கள்!

அப்போது மத்தேயு நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அருளப்பர் உண்ணாமல் நோன்பிருந்தார். அவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆண்டவர் எல்லோரோடும் பந்தியமர்ந்து உண்டார். அவரைப் போசனப்பிரியன் என்றார்கள். உலக இரட்சகருக்கே ஊர் வாயிலிருந்து தப்ப முடியவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்! அன்று முதல் அண்ணனுக்கு மறுமொழி சொல்வதை விட்டோம். அம்மாவிடம் மட்டும், "எனக்குச் சோறு வேண்டாம் அம்மா, உங்கள் கையால் முருங்கைக்கீரைப் பொரியல் செய்து தாருங்கள்" என்று கேட்டோம். மறுநாளே முற்றத்து முருங்கையில் பாதிக் கொப்பு வெறுமையாயிற்று. அவர்களுக்கு வேண்டியிருந்தது நம் வயிற்றை நிரப்புவதன்று. நமக்கு ஏதேனும் கொடுப்பதே என்று அப்போது அறிந்தோம்.

இதுவரை நம்மை நல்லவராகவே காட்டிவிட்டோம். இனிச் சொல்லவிருப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022 கிறிஸ்மஸ் வாரம். எடை 86. எட்டுக் கிலோ குறைத்த செருக்கு நமக்கு உள்ளூர வளர்ந்திருந்தது. வீட்டில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்து, உறவுப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றியமர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். பதினைந்து வயது நிரம்பிய நம் மகள் இரண்டாவது முந்திரிக்கொத்தை எடுத்தாள். "போதும், வை. உன் உடம்பைக் கொஞ்சம் பார்" என்றோம், எல்லோர் முன்னிலும். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எடுத்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அச்சிரிப்பை நமக்கு நன்றாகத் தெரியும். ஊர் அசனத்தில் நாம் சிரித்த அதே சிரிப்பு அது.

அதன்பின் அவள் நம்மோடு அமர்ந்து உண்பதை விட்டாள். படிப்பு இருக்கிறது என்பாள், பசியில்லை என்பாள். மூன்று வாரம் கழித்து மனைவி நம்மிடம், "எல்லோரும் படுத்தபிறகு அடுப்படியில் நின்றுகொண்டு, விளக்குக்கூடப் போடாமல் சாப்பிடுகிறாள்" என்று சொன்னபோது நமக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. மறுநாள் அவளருகில் அமர்ந்து, "அப்பா பேசியது தவறு, அம்மா. மன்னித்துவிடு" என்றோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெரியப்பா உங்களைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் முகம் மாறும் அப்பா. நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியுமே, பிறகு ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.

அந்த மாதப் பாவசங்கீர்த்தனத்தில் நாம் வேறொரு பாவத்தைச் சொன்னோம். நாற்பது ஆண்டாகப் போசனப்பிரியத்தை முதலில் வைத்துச் சொல்லிவந்த நாம், அன்றுதான் வயிற்றை விட்டு நாவைப் பற்றிச் சொன்னோம். உள்ளே போகும் கவளத்தை நிறுத்துப் பார்க்கக் கற்றவர், வெளியே வரும் சொல்லை நிறுத்துப் பார்க்கவில்லையே! வீட்டார் உடலைக் கேலி செய்வதால் பிள்ளைகள் இளைப்பதில்லை என்றும், மறைவாக உண்ணுதல், பட்டினி கிடத்தல் போன்ற கேடுகளுக்கே அது வழி திறக்கிறது என்றும் மருத்துவர்கள் இன்று எச்சரிக்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியின் இருட்டிலேயே அதை நாம் கண்டுவிட்டோம்.

அவள் திரும்பவும் பந்தியில் அமரச் சில மாதம் ஆயிற்று. சாப்பாட்டு வேளையில் எவர் உடலைப் பற்றியும் எவரும் பேசுவதில்லை என்பது இப்போது நம் வீட்டு விதி. அண்ணன் வந்தாலும் அதுவே விதி. முதல்முறை நாம் அதைச் சொன்னபோது அவர் திகைத்தார். பின்பு தம் இலையைப் பார்த்தபடி, "நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன், தம்பி" என்றார். நாமும் மகளிடம் விளையாட்டுக்குத்தான் சொன்னோம்.

1609-இல் வெளிவந்த தம் பக்தி நூலில் புனித பிரான்சிஸ் சலேசியார், பிறரிடம் மட்டுமன்றி நம்மிடமே நாம் சாந்தமாக இருக்க வேண்டும் என்றும், நம் குறைகளைக் கண்டு சீறுவது அவற்றைத் திருத்தாது என்றும் கற்பிக்கிறார். மூன்றாண்டில் நாம் கற்றதும் அதுவே. 2024 ஜூலையில் எடை 79 கிலோ. 15 கிலோ குறைய 36 மாதம். சர்க்கரை எண் 5.7. மருத்துவர் கணக்கின்படி நாம் இன்னும் பருத்தவரே. இதை எழுதும் வாரம் தராசு 80 என்கிறது. பரவாயில்லை, நாளை மீண்டும் கீரையிலிருந்து தொடங்குவோம்.

இவ்வழியில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கவோ ஒருசந்தி இருக்கவோ வேண்டாம். முயலாமலே எடை குறைந்தால் அது மகிழ்ச்சிக்குரியதன்று. உடனே சோதித்தறிய வேண்டியது.

சோர்ந்து சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாசுக்கு, ஆண்டவர் முதலில் அனுப்பியது கண்டனம் அன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். வழி நெடியது, எழுந்து உண் என்றே தூதர் சொன்னார். நம் வீட்டுப் பந்தியிலும் ஒவ்வொருவருக்கும் வழி நெடியதாகவே இருக்கிறது. அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்குமுன், அவர்கள் செவியில் என்ன விழுகிறது என்று பார்ப்போமாக. மட்டசனம் வாயின் புண்ணியம் என்றே ஞானோபதேச வகுப்பில் எண்ணியிருந்தோம். அது வாய்க்கு இருவழியிலும் உரியது என்பதை ஒரு குழந்தை நமக்குக் கற்றுத் தந்தாள்.