விதிப்புத்தகமும் வெள்ளெழுத்தும்


மகன் வாங்கித் தந்த போர்ப் பலகை விளையாட்டுகள் மேல் எனக்கிருந்த பைத்தியம் உங்களுக்குத் தெரியும். 1979இல் வந்த ‘தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’வில் இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கக்கூடத் தனியாகத் தண்ணீர் ஒதுக்கணும்! ஆடி முடிக்க 1,500 மணி நேரமாம். ஐம்பது வயதில் துள்ளியிருப்பேன். இப்போது 72. நாலாம் பக்கம் போவதற்குள் முதல் பக்கம் மறக்கிறது. திரும்பப் புரட்ட மனசும் வரவில்லை. இதுதான் புதுசு. ரொம்மெலுக்கு ஏன் பெட்ரோல் போதவில்லை என்று இன்னும் மணிக்கணக்கில் பேசுவேன் (வரலாற்று வாத்தியாராச்சே). அந்தப் பெட்ரோலுக்குக் கணக்கெழுதத்தான் பொறுமையில்லை.

பேரன் ‘மெமுவார் 44’ கொண்டுவந்தான். ஒரு மணி நேரத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு, நார்மண்டியில் நிஜமாக என்ன நடந்தது தாத்தா என்றான். இரவு பதினொன்று வரை பேசினோம்.

பெரிய பெட்டிகள் பரணில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காய்களை எண்ணி வைத்திருக்கிறேன்.