மிஸ்ஸி

எங்கள் ஊர்த் தமிழில் 'மிஸ்ஸி' என்றொரு சொல் வழங்குகிறது. தாதி, செவிலி என்னும் நல்ல தமிழ்ச் சொற்களை வானொலியும் செய்தித்தாளும் இடைவிடாது வழங்கி வந்தாலும், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் முதியவர் வாயில் முதலில் வருவது இச்சொல்லே. சீன முதியவரும் மலாய் முதியவரும் அவ்வாறே அழைப்பர். அச்சொல்லில் அன்பு உண்டு. ஏவலுக்கு நிற்பவர் என்னும் எண்ணமும் அதனோடு சிறிது கலந்தே இருக்கிறது. தண்ணீர் கொண்டுவரவும் தலையணையைத் திருத்தவும் மிஸ்ஸி. உயிரைக் காக்க டாக்டர். இந்தப் பாகுபாடு எத்துணைப் பிழையானது என்பதை இதயநோய்ச் சிகிச்சையின் வரலாற்றைப் போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டாது என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் தாதிமைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், பிரெஞ்சுக் கன்னிமாடத்து அருட்சகோதரியர் சிப்பாய் லைன்ஸ் பகுதியிலிருந்த பொது மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். அந்நாளையே இன்றும் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். சிப்பாய் லைன்ஸ் என்னும் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. ஊட்ரம் சாலைப் பக்கத்துப் பெருமருத்துவமனை வளாகந்தான் அது.

என் மனைவியின் தமையனார் கேலாங் ஈஸ்ட் வட்டாரத்தில் ஒரு கழக வீட்டில் வாழ்கிறார். வயது அறுபத்தேழு. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில், பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் அங்கிருந்து அகன்று, 1993இல் கேலாங் ஈஸ்டில் புதிதாக எழுந்து குடமுழுக்குக் கண்டது. அன்று முதல் பிரதோஷம் தவறாதவர் என் மைத்துனர். மற்ற நாள்களில் கேலாங் சிராய்ச் சந்தைக் கருவாடும் தவறாதவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை அவருக்கு நெஞ்சின் நடுவில் பாறையை வைத்தாற்போல் ஓர் அழுத்தம் தோன்றிற்று; உடம்பெல்லாம் வியர்த்தது; இடத் தோள் கனத்தது. "வாயுதான், ஓமத் தண்ணீர் கொண்டா" என்றாராம். அவர் மனைவியார் ஓமத் தண்ணீரையும் கொடுத்தார்; கொடுத்த கையோடு 995ஐயும் அழைத்தார். நம்மவரில் எத்தனை பேர் இந்த வாயுவை நம்பி மாண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணினால் மனம் கலங்குகிறது.

கலங்குவதற்குக் காரணமும் உண்டு. டாக்டர் டி. ஜே. தனராஜ் என்பார், பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் தலைவராக விளங்கியவர். 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த பிணப் பரிசோதனைக் குறிப்புகளைத் தம் துணைவரோடு ஆராய்ந்து, 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதய இரத்தக்குழாய் அடைப்பு நோய் இந்தியரிடையே சீனரைக் காட்டிலும் பல மடங்கு மிகுந்திருந்ததை அது காட்டிற்று. ஒரே தீவு, ஒரே காற்று, ஒரே சந்தை. ஆயினும் இத்துணை வேறுபாடு. தென்னாசிய மக்களின் இதயத்தைப் பற்றிப் பின்னர் உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் முன்னோடியாக அக்கட்டுரையைச் சொல்வர். அது இவ்வூரில் பிறந்தது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடநூல்களிலும் நான் கண்டதில்லை.

மைத்துனரை ஏற்றிய மருத்துவ வண்டியிலேயே இதயத் துடிப்பின் வரைபடம் எடுக்கப்பட்டது. மருத்துவமனையில் மணிக்கட்டு வழியே குழாய் செலுத்தி, அடைப்பை நீக்கி, வலைக்குழல் ஒன்றைப் பொருத்தினர். பகல் உணவு வேளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்கும் மூச்சு வந்தது.

இரண்டாம் நாள் இரவு நடந்ததே நான் சொல்லவந்த செய்தி. நள்ளிரவு கடந்த வேளை. இதயக் கண்காணிப்புப் பிரிவு. தாதியர் மேசையில் இருந்த திரையில் அவருடைய துடிப்பின் கோடு திடீரென்று உருக்குலைந்தது. இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டு, காற்றில் அகப்பட்ட இலைபோல் வெறுமனே நடுங்கத் தொடங்கும் நிலை அது. நடுங்கும் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளாது. சில நொடிகளில் நினைவு தப்பும். மூன்று நான்கு நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். அப்போது பணியிலிருந்தவர் பேராக் மாநிலத்திலிருந்து வந்த தமிழ்ப்பெண். முப்பது வயது இருக்கலாம். அவர் திரையைப் பார்த்தார், கட்டிலுக்கு ஓடினார், நாடி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். துணைத் தாதி மார்பை அழுத்தத் தொடங்க, இவர் மின்னதிர்ச்சிக் கருவியை இயக்கினார். ஒரே அதிர்ச்சி, துடிப்பு திரும்பிற்று. வேறொரு பிரிவிலிருந்து டாக்டர் ஓடிவந்து சேர்ந்தபோது என் மைத்துனர் கண்விழித்து, "என்ன மிஸ்ஸி, யாரோ நெஞ்சில் உதைத்தாற்போல் இருக்கிறதே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"நான்தான் அங்கிள்" என்றாராம் அந்தப் பெண்.

இதில் வியப்பதற்கு என்ன, அவர் பயிற்சி பெற்றவர்தாமே என்று இன்று கேட்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கை அந்தக் கருவியைத் தொடுவதற்கு ஒரு காலத்தில் தடை இருந்தது. மின்னதிர்ச்சி கொடுப்பது டாக்டரின் தனியுரிமை. தாதி செய்யத்தக்கது அவரை அழைப்பது மட்டுமே. டாக்டர் மாடிப்படி ஏறி வருவதற்குள் நேரம் கடந்துவிடும்.

உடலைத் திறக்காமல் மார்பை அழுத்தியே இரத்த ஓட்டத்தைக் காக்கலாம் என்பதை 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர் எழுதினர். அவருள் முதலாமவர் மருத்துவரே அல்லர், மின்பொறியாளர். அடுத்த ஆண்டே எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன் என்னும் இளம் மருத்துவர் ஒரு கருத்தை வெளியிட்டார். மாரடைப்பு நோயாளரை ஓரிடத்தில் சேர்த்து வைக்கவேண்டும். அவர்தம் துடிப்பை இடையறாது கருவியால் காணவேண்டும். மருத்துவர் மட்டுமன்றித் தாதியரும் உயிர்மீட்புக் கலையைப் பயிலவேண்டும் என்றார். 1962இல் கான்சாஸ் மாநிலத்துப் பெத்தானி மருத்துவமனையில் ஹியூஸ் டே என்பவர் அத்தகைய பிரிவைத் திறந்தார்.

எனினும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிலடெல்பியா நகரில் நடந்தது. லாரன்ஸ் மெல்ட்சர் என்னும் மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்னும் தாதியும் அங்கே ஒரு கண்காணிப்புப் பிரிவை நடத்தினர். டாக்டர் வரும்வரை காத்திராமல் தாதியே துடிப்பின் வரைபடத்தைப் படித்து, தாமே முடிவெடுத்து, தாமே மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்று அவர்கள் வகுத்தனர். தாதிக்கு வரைபடம் படிக்க வருமா, சட்டம் ஒப்புமா, நோயாளி நம்புவாரா என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. அவற்றுக்கு விடையாக அவர்கள் செய்தது, கிட்செல் என்னும் மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு 1965இல் தாதியருக்கென ஒரு கையேடு எழுதியதுதான்.

ஆசிரியப் பயிற்சியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வல்லுநர் சிலர் தங்கள் குலதனம்போல் காத்துவந்த ஒரு வித்தையை எடுத்து, பாடம் பாடமாகப் பிரித்து, எளியதை முன்னும் அரியதைப் பின்னும் வைத்து, இரவுப்பணி பார்க்கும் தாதி சில வாரங்களில் கற்றுத் தேறும்படி ஆக்கியிருக்கிறார்கள். நல்ல பாடத்திட்டம் என்பது வேறென்ன? அதன் பயனும் கண்கூடு. முன்னெல்லாம் மருத்துவமனையை வந்தடைந்த மாரடைப்பு நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். கண்காணிப்புப் பிரிவுகள் பரவிய பின் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. புதிய மருந்துகளும் வலைக்குழலும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இது நிகழ்ந்தது. கருவி மட்டும் இருந்து, அதைத் தொடும் உரிமை தாதிக்கு இல்லாதிருந்தால் இது கைகூடியிராது.

மைத்துனர் தேறியதும் பழக்கூடை ஒன்று வாங்கிவரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். "பெரிய டாக்டருக்கு, மாப்பிள்ளை. அவர்தானே உயிரைக் கொடுத்தார்" என்றார். டாக்டர் கூடையைக் கையால் தொட்டுவிட்டு, "இது அந்த மேசைக்குப் போகட்டும்" என்று தாதியர் பக்கம் காட்டினார். மைத்துனருக்கு அது பணிவாகத் தோன்றியதேயன்றி உண்மையாகத் தோன்றவில்லை.

அவர் மனம் மாற மேலும் ஓராண்டு ஆயிற்று. மாரடைப்பில் அவருடைய இதயத் தசையின் ஒரு பகுதி பட்டுவிட்டது. இதயம் முன்போல் வலுவாக இறைப்பதில்லை. உடம்பில் நீர் தேங்கும். காலில் வீக்கம் காணும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும். இத்தகையோரைப் பார்த்துக்கொள்ள மருத்துவமனையில் தாதியர் நடத்தும் பிரிவு ஒன்று உண்டு. முதன்முறை சென்று வந்தவர், "டாக்டர் பார்க்க வேண்டிய நோயை மிஸ்ஸி பார்க்கிறாள்; காசை மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று சினந்தார்.

அவர் சினத்தை நான் முற்றும் தள்ளிவிடவில்லை. மருத்துவர் பற்றாக்குறையை மூடி மறைக்கத் தாதியர் தலையில் வேலையை ஏற்றுவது ஒன்று. பயிற்சியும் உரிமையும் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைப்பது வேறொன்று. முன்னது நடந்தால் எதிர்க்கவே வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலைத் தாதியருக்கான முதுநிலைப் படிப்பு 2003இல் தொடங்கிற்று. பின்னர்ச் சட்டமும் அவர்களைத் தனிப் பதிவேட்டில் சேர்த்தது. 2018இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் தேறியோர், மருத்துவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்து எழுதவும் செய்கின்றனர். இது மிச்சம் பிடிக்கும் வேலையன்று என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், எழுபது வயதும் அதற்கு மேலுமான இதயத் தளர்ச்சி நோயாளர் 282 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 1995இல் வெளியாயிற்று. தாதி முன்னின்று கற்பித்து, வீட்டுக்கும் சென்று, தொலைபேசியிலும் விசாரித்து வந்த குழுவினருள், இதயத் தளர்ச்சிக்காக மீண்டும் மருத்துவமனையில் சேர்வது மற்றவரைக் காட்டிலும் பாதிக்கும் மேல் குறைந்தது.

காரணம் எளிது. டாக்டர் பத்து நிமிடம் பார்ப்பார், மருந்தை எழுதுவார். அந்தத் தாதியோ, "அங்கிள், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று தொடங்கி, கருவாடு, அப்பளம், ஊறுகாய் என ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிடுவார். மைத்துனர் டாக்டரிடம் மறைத்த கருவாட்டை இவரிடம் மறைக்க இயலவில்லை. உப்பு நீரை உடம்பில் பிடித்து வைக்கும் என்பதையும், நீர் தேங்குவது காலில் தெரிவதற்கு முன் எடையில் தெரியும் என்பதையும் தமிழிலேயே விளக்கினார். நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், எடை பார்க்கவேண்டும். இரண்டு மூன்று நாள்களில் இரண்டு கிலோ ஏறினால் உடனே அழைக்கவேண்டும். அதற்கென ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தார்.

அந்தக் குறிப்பேடு இப்போது சுவாமி படத்தட்டில், திருநீற்று மடலுக்கு அருகில் இருக்கிறது. சென்ற பொங்கலுக்கு மறுவாரம் நான் சென்றபோது புரட்டிப் பார்த்தேன். 68.2, 68.4, 69.1, 70.3 என்று எண்கள் ஏறியிருந்தன. கடைசி எண்ணின் கீழே, "மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். நீர் மாத்திரை ஒன்று கூட்டினாள். மாட்டுப் பொங்கல் வடை என்று சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் 69.0.