பொற்றலை தேடி ஒரு காலை

மார்கழிப் பனி இன்னும் வரப்பை விட்டு இறங்கவில்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால் கரையில் நடக்கிறேன். முன்னால் போகிற ஆயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மடியில் சின்னக் கத்தி, இடுப்பில் கூடை. இந்தக் கரையில் கீரை பறித்து விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

நான் தேடி வந்தது மஞ்சள் கரிசலாங்கண்ணியை. சென்னை வீட்டு மாடியில் இரண்டு வருடமாக அதைத் தொட்டியில் வளர்ப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நர்சரியில் அந்தப் பேரைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். கடைந்து அம்மாவுக்கும் பரிமாறியிருக்கிறேன். போன மாதம் வீட்டுக்கு வந்த தாவரவியல் ஆசிரியர் ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது அது இல்லை” என்றார். அம்மாவின் தட்டில் வைத்ததை நினைத்து மனசு அடித்துக்கொண்டது. உண்மையான செடியை அது முளைக்கிற மண்ணிலேயே பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன்.

“இங்க பாருங்க தம்பி.” ஆயா குனிந்து அருகம்புல்லை விலக்கினார்.

தரையோடு தரையாகத் தண்டு ஓடுகிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு ஈர மண்ணைப் பிடித்திருக்கிறது. இலைகள் எதிரெதிரே, நீளவாக்கில் ஒடுங்கியவை. விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பல். தடவினால் சொரசொரக்கிறது. இலைக்கக்கத்திலிருந்து நீண்ட காம்பு எழுந்து, நுனியில் ஒற்றைப் பூ. பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த மருத்துவத்தில் இதற்குப் பேர் உண்டு. பொன் தலை! இதற்கு மேல் பொருத்தமாக யாராலும் பேர் வைக்க முடியாது.

ஒரு பூவைப் பறித்துக் கண்ணருகே கொண்டுபோனேன். பூ என்று நாம் சொல்வது ஒரு பூ இல்லை, ஒரு கூட்டம். சுற்றியிருக்கும் ஒவ்வொரு மஞ்சள் இதழும் தனிப்பூ. என் கையில் இருந்ததில் ஒன்பது, நுனியில் லேசாகக் கீறியது போலப் பிளவு. நடுவட்டத்தில் குழல் குழலாக இன்னும் பல குட்டிப் பூக்கள். சூரியகாந்திக் குடும்பத்தின் அடையாளமே இதுதான். விரல் நகம் அளவு வட்டத்துக்குள் எறும்பு ஒன்று வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் நின்றது. ஆயா அதன் தண்டைக் கிள்ளிக் கசக்கி விரலை நீட்டினார். சற்று நேரத்தில் சாறு கறுத்தது. கூந்தல் தைலத்துக்கு ஊரே தேடுவது இதை. காமாலை என்றால் இரண்டையுமே கேட்டு வருவார்களாம்.

வள்ளலார் கரிசலாங்கண்ணியைப் போற்றியதைத் தமிழர்கள் அறிவார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகாக்களும் இந்த மஞ்சள் செடியிலிருந்து கிடைத்த ஒரு சேர்மத்தின் அமைப்பைக் கண்டறிந்து எழுதினார்கள். வெடலோலாக்டோன் என்று பேர். கல்லீரல் தொடர்பான ஆய்வுகளில் இன்றைக்கும் அடிபடுகிற பொருள். பேரின் முற்பாதி செடியின் அன்றைய பேரினமான வெடீலியாவிலிருந்து வந்தது. பேரினத்துக்கு அந்தப் பேரோ ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவப் பேராசிரியர் வெடலின் நினைவாக வந்தது. நம் வரப்புச் செடி உலகின் வேதியியல் ஏட்டில் ஏறியது நம் ஊர் ஆய்வகம் வழியாகத்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வாய்க்கால் திரும்புகிற இடத்தில், சாலையோர வீட்டு வேலிக்கு வெளியே, கரை முழுக்க மஞ்சளாக இருந்தது. ஆசையோடு ஓடினேன். ஆயா வரவில்லை.

“அது வேண்டாம். அது அழகுக்கு வெக்கிற கொடி.”

என் மாடிக்கொடியேதான்! பளபளவென்று தடித்த இலை, நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்த மடல். பூ கொஞ்சம் பெரிது. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைக்கும் கரீபியன் தீவுகளிலும் இதன் பூர்வீகம். தரையை மூட அலங்காரமாகக் கொண்டுவந்து, வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. 1996இல் தாவரவியலாளர் ப்ரஸ்கி இதையும் பொற்றலையையும் ஸ்பேக்னெட்டிகோலா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். உடன்பிறப்புகள் என்பதால் முகச்சாயல் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் பேரில் மற்றொன்றை விற்பதை ஏற்க முடியாது. மூலிகை என்று கேட்டு வருகிறவர் நோயாளியாக இருப்பார்.

வேலியருகே அந்தக் கொடிக்கு அடியில் அருகம்புல்கூட இல்லை. நம் செடி புல்லோடு புல்லாக இடம் பகிர்ந்து நிற்கிறது. இந்தக் கொடியோ அடுத்ததை எழவே விடாமல் மூடிக்கொள்கிறது.

நான்கைந்து கொடிகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறியப் போனேன். ஆயா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தண்ணில போடாதீங்க தம்பி. ஒரு கணு போதும், போற ஊரெல்லாம் முளைக்கும்.”

கொடிகளை வாங்கிச் சாலையின் தாரில் பரப்பினார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பிறகு கூடையிலிருந்து பொற்றலையின் மூன்று வேர்க்கணுக்களை எடுத்து, ஈர வைக்கோலில் சுற்றி என் கையில் கொடுத்தார். அம்மாவின் தொட்டிக்கு.