கங்காணி இல்லாத நிரை

விதுராவுக்கு மேலே, பொன்முடிச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கங்காணியாக இருந்தேன். காலையில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும்வரை கத்திக்கொண்டே இருப்பேன். என் குரல் ஓய்ந்தால் கொழுந்து கூடைக்கு வராது என்று உறுதியாக நம்பினேன்.

தோட்டத்து எல்லையில் ஓர் இலவமரம். வருஷா வருஷம் மலைத்தேனீ வந்து கிளைக்கு அடியில் அடை கட்டும். ஒரு மத்தியானம் சோற்றுத்தூக்கோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒரு கடந்தைக் குளவி அடையை நோக்கி வந்தது. ஓரிடத்தில் சில தேனீக்கள் பின்னுடலை விசுக்கென்று தூக்கின. பக்கத்தில் இருந்தவை தூக்கின, அவற்றுக்கு அடுத்தவையும் தூக்கின. கண் இமைப்பதற்குள் அடை முழுக்க ஓர் அலை ஓடி அடங்கியது. கடந்தை ஒதுங்கிப் போய்த் திரும்ப வந்தது. திரும்பவும் அலை. மூன்றாம் முறை அது போயே போய்விட்டது. நான் சோற்றில் கை வைத்தபடியே இருந்தேன்.

ராணிதான் உத்தரவு போடுகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். கங்காணிக்கு வேறெப்படித் தோன்றும்? ஆனால் ராணிக்கு முட்டையிடுவதுதான் வேலை. வந்தது கடந்தை என்றுகூட அதற்குத் தெரிந்திருக்காது. மலைத்தேனீக்குப் பொந்து கிடையாது. வெட்டவெளியில் ஒரே ஓர் அடை. அதன்மேல் அடுக்கடுக்காகத் தொங்கும் உடம்புகள்தான் சுவர். கடந்தையைக் கண்ட சிலவற்றைத் தவிர, மற்ற ஒவ்வொன்றும் பதில் சொல்வது தன் பக்கத்துத் தேனீக்குத்தான். பக்கத்துத் தேனீக்குச் சட்டென்று பதில் சொன்ன கூடுகள் அதிகம் பிழைத்தன, சொல்லாதவை கடந்தைக்கு இரை கொடுத்தன. எத்தனையோ தலைமுறையில் அப்படி ஊறி வந்த பழக்கம் அது.

இதே விதுராவில் இருக்கும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹேமா சோமநாதன் குழுவினர் இந்த அலையைச் சோதித்து 2022-இல் எழுதினார்கள். வெளிச்சமான பின்னணியில் கறுப்பு உருவம் அசைந்தால் அலை எழுகிறது. இருண்ட பின்னணியில் வெளிறிய உருவம் அசைந்தால் எழுவதில்லை. வானத்துக்கு எதிரே கடந்தை கறுப்பாகத்தானே தெரியும்! அவ்வளவு சின்ன விதியிலிருந்து அவ்வளவு பெரிய அலை.

ஒரு மழைக்காலத்தில் டைபாய்டு வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். வேலையெல்லாம் கெட்டிருக்கும் என்று பதறிக்கொண்டு திரும்பினால், கொழுந்து எடை குறையவே இல்லை. முழங்கால் வலிக்காரி சமதளத்து நிரையில் நின்றாள். கைக்குழந்தைக்காரி பிள்ளைகளை விடும் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றாள். புதுப்பெண்ணுக்கு இருபுறமும் கைதேர்ந்தவர்கள். நல்ல நிரைக்காக இரண்டு பேருக்குச் சண்டை வந்து, நாள் மாற்றி நாள் என்று அவர்களே தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு அக்கா பிரிச்சுக் குடுத்தது?" என்று மூத்தவளிடம் கேட்டேன்.

"யாரும் பிரிக்கலை, கங்காணியய்யா. பக்கத்துல யாருன்னு பாத்து நின்னுக்கிட்டோம்."

கங்காணியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எடைக்கணக்குக்கும் கூலிக்கும் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். ஆனை இறங்கினால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வேண்டும். ஆனால் இத்தனை வருஷமும் அவர்கள் கண்ணை என் முகத்திலேயே கட்டிப்போட்டிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்க நான் விட்டதே இல்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

வேலைக்குத் திரும்பிய மறுநாள் காலை பேர் மட்டும் கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்சநேரம் எல்லோரும் என்னையே பார்த்து நின்றார்கள். பிறகு மூத்தவள் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்தாள்.