சூதும் சுவையும்

திருக்குறள் வகுப்பில் ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சூது என்னும் அதிகாரத்தை அடுத்து மருந்து என்னும் அதிகாரம் ஏன் வருகிறது?" என்று கேட்டான். 92-ஆம் அதிகாரம் வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. மருந்து என்று பெயர் பெற்றிருப்பினும் அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியதே. விலைமகளிர், கள், கவறு என்று வரிசையாகச் சொல்லிவந்த வள்ளுவர் திடீரென்று சோற்றைப் பற்றிப் பேசுவானேன்? அன்று உரைநூல்களின் துணைகொண்டு ஏதோ ஒரு விடை கூறி அவனை அமர்த்தினேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 2018-இல், மக்காவ் நகரின் பழைய தெரு ஒன்றில் நின்றபோது அந்த நான்கு அதிகாரங்களும் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

மலாக்காவில் பிறந்து வளர்ந்தவனுக்கு மக்காவ் முற்றிலும் அந்நிய ஊராகத் தோன்றாது. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அங்கிருந்தே புறப்பட்டு 1513-இல் சீனக் கரையை எட்டினர். 1557-இல் முத்தாற்று முகத்துவாரத்தில் இருக்கும் இச்சிறு தீபகற்பத்தில் குடியமர்ந்தனர். கோவாவும் மலாக்காவும் மக்காவும் ஒரே கப்பல் வழியில் அமைந்த துறைகள். 1641-இல் மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. மக்காவோ 1999 டிசம்பர் 20-ஆம் நாள் சீனாவிடம் திரும்பும்வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. எங்கள் ஊர்க் குன்றின்மேல் கூரையிழந்து நிற்கும் பவுல் தேவாலயத்தைப் போலவே அங்கும் ஒரு பவுல் தேவாலயம் உண்டு. 1640-இல் கட்டி முடித்த அதன் கல்முகப்பு மட்டுமே 1835-ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் எஞ்சியிருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்து வேறு வேறு வீடுகளில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளைப் போன்றவை அவ்விரு ஊர்களும். ஒருத்தியின் முகச்சாயலை மற்றவளிடம் காணலாம். அவர்தம் வாழ்க்கை வேறு.

ஹாங்காங்கிலிருந்து விரைவுக் கப்பலில் ஒரு மணி நேரப் பயணம். கரையிறங்கியதும் உடன் வந்தோர் புதிய மாளிகைகளைக் காணப் புறப்பட்டனர். நான் பழைய நகரின் நடுப்பகுதிக்குச் சென்றேன். அதன் முதுகெலும்பு அல்மெய்டா ரிபெய்ரோ சாலை. சீனர் அதனைப் 'புதுச்சாலை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். அதன் ஓரத்தில் செனடோ சதுக்கம். கருங்கல்லும் வெண்கல்லும் பதித்து அலையலையாக அமைத்த தரை. சுற்றிலும் மஞ்சளும் வெள்ளையும் பூசிய வளைவு மாடங்கள். 1569-இல் தோன்றிய அறநிலையம். சற்று உள்ளே 1587-இல் நிறுவிய தொமினிக் தேவாலயம். 2005-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. கடல் வாணிகத்தால் எழுந்த ஊர் இது என்பதை ஒவ்வொரு கல்லும் சொல்லிற்று.

அவ்வாணிகம் நிலைக்கவில்லை. 1842-இல் ஹாங்காங் ஆங்கிலேயர் வசமாகி, ஆழமான அதன் துறைமுகம் கப்பல்களை ஈர்த்துக்கொண்டது. மக்காவின் கருவூலம் வறண்டது. வருவாய்க்கு வேறு வழி காணாத ஆட்சியாளர் 1847-இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்து அதன்மேல் வரி விதித்தனர். அக்காலத்து ஆட்டத்துக்கு 'பான்தான்' என்று பெயர். பொத்தான்களைக் குவித்து ஒரு கிண்ணத்தால் மூடுவர். பிறகு கோலொன்றால் நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டே வருவர். இறுதியில் எஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதே பந்தயம். குழந்தைகளுக்கு வகுத்தல் கணக்குக் கற்பிக்கும் முறை! அந்த மிச்சத்திலேதான் எத்தனையோ குடும்பங்களின் மிச்சமும் கரைந்தது. 1937-இல் கௌ ஹோ நெங், ஃபூ தாக் இயாம் என்னும் இரு செல்வர் ஏகபோக உரிமை பெற்று, இதே சாலையிலுள்ள சென்ட்ரல் விடுதியில் ஆட்டத்தை நடத்தினர். மேல்மாடியில் அமர்ந்தோர் பணத்தைக் கூடையிலிட்டுக் கயிற்றால் கீழே இறக்கிப் பந்தயம் கட்டுவராம். 1962-இல் அவ்வுரிமை ஸ்டான்லி ஹோவின் குழுமத்துக்குச் சென்றது. 1970-இல் லிஸ்போவா விடுதி எழுந்தது. ஏகபோகம் முடிவுற்று வெளிநாட்டு முதலாளிகள் வந்தபின், 2006-இல் மக்காவின் சூதாட்ட வருவாய் லாஸ் வேகாஸ் பெருந்தெருவின் வருவாயை விஞ்சியது. 2013-இல் அது 36,000 கோடி பத்தாக்கா. ஏறத்தாழ ஆறு லட்சம் மக்கள் வாழும் ஊரின் கணக்கு இது.

புதுச்சாலையிலிருந்து ஒரு சந்து திரும்பினால் 'மகிழ்ச்சித் தெரு'. போர்த்துகீசியப் பெயருக்கு அதுவே பொருள். இருபுறமும் சிவப்புக் கதவுகள், சிவப்புச் சன்னல்கள். ஒரு காலத்தில் விலைமகளிர் வாழ்ந்த இல்லங்கள் அவை. அதே தெருவில் 1903-இல் தொடங்கிய 'ஃபாட் சியூ லாவ்' என்னும் உணவகம் இருக்கிறது. 'சிரிக்கும் புத்தர் இல்லம்' என்று பெயருக்குப் பொருள் கூறலாம். வாட்டிய புறா அதன் பெயர்பெற்ற உணவு. மேசைகளில் போர்த்துகீசிய மது. கூப்பிடு தூரத்தில் பழைய சூதாட்ட விடுதி. வரைவின் மகளிர், கள், சூது, உணவு! என் மாணவன் கேட்ட கேள்வி அத்தெருவில் கட்டடங்களாக நின்றது. மகளிர் போய்விட்டனர், பான்தான் கிண்ணங்கள் ஓய்ந்துவிட்டன, அடுப்பு மட்டும் அணையவில்லை.

அந்த வியப்போடு சாலைக்குத் திரும்பியவன் ஓர் அடகுக்கடைக்குள் நுழைந்தேன். 1917-இல் தொடங்கி 1993-இல் மூடிய தாக் செங் ஒன் என்னும் கடை அது. 2003 முதல் அருங்காட்சியகம். அதனை நிறுவியவர், பின்னாளில் சூதாட்ட உரிமை பெற்ற அதே கௌ ஹோ நெங். ஒரு கையால் சூதாட்டக் களத்தைத் திறந்தவர் மறு கையால் அடகுக்கடையையும் வைத்திருந்தார். உள்ளே, அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில் கல்லாமேடை. பின்னால், அடகுப் பொருள்களைக் காக்கும் தடித்த சுவர்க் கோபுரம். இவையெல்லாம் என்னை அசைக்கவில்லை. வாயிலுக்கு நேரே மறைப்பாக நின்ற மரப்பலகை ஒன்றே என்னை நிறுத்தியது. உள்ளே நிற்பவர் முகம் தெருவில் போவோர்க்குத் தெரியாதிருக்க அதை வைத்தனர். 'நாணம் மறைக்கும் பலகை' என்பது அதன் சீனப் பெயர்.

என் தாயாருக்கு அத்தகைய பலகை கிடைக்கவில்லை. அவருக்கு இருந்தது முந்தானைதான்.

1960-களில் என் தந்தையார் குதிரைப் பந்தயத்திலும் இலக்கச் சீட்டிலும் பணம் கட்டுவார். மற்றபடி நல்லவர், குடிக்கமாட்டார், எங்கள்மீது கை நீட்டியதில்லை. தோற்ற வாரங்களில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நகரத்து அடகுக்கடைக்குப் போவார். வாசல் நெருங்கும்போது முந்தானையை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொள்வார். வளையல் இரண்டும் கம்பிகளுக்கு அப்பால் போகும். சீட்டு ஒன்று வரும். ஆறு மாதத் தவணை. ஒருமுறை அத்தவணை கடந்துபோயிற்று. அதன்பின் அம்மாவின் கைகளில் கண்ணாடி வளையல்களையே கண்டேன்.

வென்ற நாள்களும் உண்டு. அந்த இரவுகளில் அப்பாவின் மிதிவண்டி மணி தெருமுனையிலேயே ஒலிக்கும். கமுகு மட்டையில் பொதிந்த மீ, வாட்டிய கோழி, சில வேளை ஆரஞ்சுப் பழங்கள். உறங்கிக்கொண்டிருக்கும் எங்களை எழுப்பி உட்காரவைத்து ஊட்டுவார். அந்த மீயின் மணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதற்கு நிகரான சுவையை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. அம்மா மட்டும் அதில் ஒரு வாய்கூட உண்ணமாட்டார். "எனக்குப் பசியில்லை" என்பார். அடுக்களையில் காலையில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றிக் குடிப்பார். அவர் உண்ணாதது ஏன் என்று அறியாத வயதில் உண்டேன். அறிந்த வயதிலும் உண்டேன். அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

அந்த உறுத்தலோடுதான் மக்காவில் நண்பகல் உணவுக்கு அமர்ந்தேன். மக்கானியர் எனப்படும் போர்த்துகீசிய - ஆசியக் கலப்பினத்தாரின் சமையல் கிடைக்கும் சிறிய உணவகம் அது. ஆப்பிரிக்கக் கோழி என்று ஒரு தட்டு வந்தது. வாட்டிய கோழியின்மேல் மிளகாயும் பூண்டும் தேங்காயும் நிலக்கடலையும் சேர்ந்த குழம்பு. முதல் வாயிலேயே எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. இறால் குஞ்சுகளை உப்பிட்டு ஊறவைத்த 'பலிச்சாவ்' என்னும் கூட்டு, நம் பெலாச்சானின் உறவு. அதனோடு புளி சேர்த்துப் பன்றியிறைச்சி சமைக்கின்றனர். கொத்திய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வதக்கி, மேலே முட்டை பொரித்து வைத்தால் 'மின்ச்சி'. விருந்தில் மிஞ்சிய இறைச்சிகளைச் சேர்த்துக் காரமாக ஆக்குவது 'தியாபு'. மலாக்காவின் போர்த்துகீசியர் குடியிருப்பில் கிறித்துமஸ் மறுநாள் கொதிக்கும் டெவில் கறியை அறிந்தவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

கப்பல்கள் போயின, ஆட்சி போயிற்று. மக்கானியரின் 'பட்டுவா' மொழி, மலாக்காவின் கிரிஸ்தாங்குக்கு உடன்பிறந்தது, மறையும் தறுவாயில் உள்ளதென 2009-இல் யுனெஸ்கோ அறிவித்தது. ஆனால் அடுக்களை அவற்றையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறது. அம்மொழியையும் சமையலையும் ஒருங்கே காத்த ஐடா டி ஜெசுஸ் அம்மையார் 1915-இல் பிறந்து, முதுமையிலும் தம் உணவகத்தில் விருந்தினரை வரவேற்று, 2021-இல் 105-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டே சீன அரசு மக்கானியச் சமையலை நாட்டின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சூதாட்ட மேசை ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. நேற்றைய ஆட்டம் அதற்கு நினைவில்லை. சாப்பாட்டு மேசையோ நானூறு ஆண்டுகளையும் மறவாதிருக்கிறது.

இவ்வாறு எண்ணி மகிழ்ந்தபோதே மற்றொரு கேள்வியும் எழுந்தது. அந்த மேசையைத் தாங்குவது எது? அரசு வருவாயில் ஐந்தில் நான்கு பங்களவு அப்போது சூதாட்ட வரியே. 2008 முதல் அரசு குடிமக்களுக்கு ஆண்டுதோறும் ரொக்கம் பகிர்ந்தளித்து வந்தது. அதே அரசு தன் ஊழியர் சூதாட்டக் கூடத்தில் நுழைவதைச் சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் தவிரத் தடுத்திருக்கிறது. 2012 முதல் 21 வயது நிரம்பாதோர்க்கும் கதவில்லை. தன் வீட்டுப் பிள்ளைகள் ஆடக்கூடாது, பிறர் ஆடிய பணம் மட்டும் வேண்டும்! கொள்ளைநோய் வந்த 2020-இல் சூதாட்ட வருவாய் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியபோது அந்த வாழ்வின் நிலையாமையும் வெளிப்பட்டது. ஆயினும் அவர்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. கமுகு மட்டையைப் பிரித்து உண்ட சிறுவன் அல்லவா நான்? அப்பாவின் அன்பும் அம்மாவின் வளையலும் ஒரே பொட்டலத்தில் இருந்தன. ஒன்றைத் தள்ளி மற்றொன்றை மட்டும் உண்ண எவராலும் இயலாது.

திரும்பும்போது, பவுல் தேவாலயத்துக்கு ஏறும் தெருவில் பாதாம் பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கினேன். அப்போது அம்மாவுக்கு 85 வயது. அப்பா மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. பெட்டியை அவர்முன் வைத்து, போய்வந்த ஊரைப் பற்றிச் சொன்னேன். சூதாட்ட ஊர் என்றதும் அவர் கை பின்வாங்கியது.

"அங்கே போய் ஆடினியா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா. என் ஓய்வூதியத்தில் வாங்கியது."

சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என் கையில் கொடுத்துவிட்டு மறுபாதியைத் தம் வாயில் இட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அம்மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ அறியேன். மீண்டும் வந்து கேட்டால் சொல்ல எனக்கு ஒரு விடை உண்டு. சூது வீட்டைக் கெடுத்தபின், அவ்வீட்டை மீண்டும் வீடாக்குவது மனங்கூசாமல் உண்ணும் ஒரு பிடி உணவே. அதனையும் மருந்து என்று சொல்லலாம்.